நொட்டையக்காவின் எட்டுப் பெட்டிகள்

குடைத் தொழிற்சாலையில் அவரை நேரில் "அக்கா" என்றும், முதுகைத் திருப்பிய பிறகு "நொட்டையக்கா" என்றும் அழைத்தார்கள். எதை நீட்டினாலும் நொட்டை சொல்கிறவர் என்பதால் வந்த பெயர். அப்படியொரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். யார் யார் சொல்கிறார்கள் என்று கவனித்துவைக்க அதுதான் வசதி.

முடிந்த குடைகள் கடைகளுக்குப் போவதற்கு முன் அவற்றில் குறை தேடுவது அவருடைய வேலை. தையல் மேசையில் சரிபார்க்க ஆள் உண்டு. கம்பி பூட்டும் மேசையிலும் உண்டு. கைப்பிடி மாட்டுகிற இடத்திலும் உண்டு. அத்தனை பேரும் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகு, அவர்கள் சொன்னதை நம்பாமல் இருப்பதற்காக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான். பதினேழு வருடம் அந்த நாற்காலியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கடைசிச் சோதனைக்குப் பெயர் ஆடிட்; அதற்கான அறை சிறியது. ஆறு குழல்விளக்கு, வெள்ளை ரெக்ஸின் ஒட்டிய நீள மேசை, மூலையில் கூரையிலிருந்து தொங்கும் பூவாளிக் குழாய், அதற்குக் கீழே ஒரு சாக்கடைத் துளை. அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்து, குடையை விரித்து அதற்குக் கீழே நிற்பார். குடையைச் சோதிக்கிறவர் எதற்காக மழைக்கோட்டு போட வேண்டும் என்று புதிதாக வந்த ஒருத்தி கேட்டாள். "குடையை நம்பியா நிக்கச் சொல்றே?" என்றார்.

வாரம் ஒரு லாட். ஒரு லாட்டில் ஆயிரத்து இருநூறு குடை, பெட்டிக்கு இருபத்துநான்காக ஐம்பது பெட்டி. பெட்டிகள் புதன்கிழமை மாலை ஒட்டி மூடப்படும், வியாழக்கிழமை காலை ஆடிட், மாலை நான்கு மணிக்கு லாரி. ஐம்பதையும் திறந்து பார்க்க முடியாது. எட்டுப் பெட்டியைத் திறந்து பெட்டிக்குப் பத்தாக எண்பது குடையைப் பார்க்க வேண்டும். அந்த எண்பதில் ஐந்து குறைவரை மன்னிப்பு உண்டு. ஆறாவது கிடைத்தால் ஐம்பது பெட்டியும் திரும்ப உள்ளே போகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவைத்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். பானையில் அரிசி போட்டவர்களோடு அவருக்குப் பழக்கம் இருந்திருக்காது.

அதனால், ஐம்பதில் எந்த எட்டு என்பதுதான் அக்காவின் வாழ்க்கையின் பெரிய கேள்வி. அலுவலகத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டால் எட்டு எண்களைத் துப்பும். ஆனால் அது மேலாளரின் மேசையில் இருந்தது. மேலாளருக்கு லாரி நேரத்துக்குப் போக வேண்டும். தானே எடுக்கலாம் என்றால் அவருக்குத் தன்னிடமே நம்பிக்கையில்லை. முழங்கால் வலிக்காரர், கை தன்னால் இடுப்பு உயரத்துப் பெட்டிக்குத்தான் போகும். யோசித்து, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வழி கண்டுபிடித்தார். வியாழக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்குக் கணவர் டீ குடிக்கும்போது, "ஒண்ணுலேர்ந்து அம்பதுக்குள்ள எட்டு நம்பர் சொல்லுங்க" என்பார். கணவர் கூரையைப் பார்த்துச் சொல்லுவார். அக்கா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

கணவர் முடிதிருத்துபவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட கடை. கழுத்தை நம்பி நீட்டுகிறவர்களை வைத்துப் பிழைப்பவருக்கும், எதையுமே நம்பாமல் பிழைப்பவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், ஒத்துப்போகவில்லை. முப்பது வருடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அவருக்குக் குடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மழை வந்தால் கடைக்குள் நிற்பார். இவரைவிடச் சம்பந்தமில்லாத ஆள் கிடைக்கமாட்டார் என்பதால்தான் அக்கா அவரைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஏற்பாடு அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்படியே முந்நூறு வியாழக்கிழமைகள் போயின. வாரத்துக்கு மூன்று குறை, நான்கு குறை. சில வாரம் ஆறு கிடைத்து லாட் திரும்பும், தொழிற்சாலையில் அன்றைக்கு யாரும் அவரோடு பேசமாட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மழைக்காலம் உச்சத்தில் இருந்த ஒரு வியாழக்கிழமை, எண்பது குடையில் ஒரு குறைகூட இல்லை.

மேலாளர் ஆடிட் அறைக்கே வந்து கைகொடுத்தார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். மறுவாரமும் பூஜ்யம். தையல்காரிகள் சந்தோஷப்பட்டார்கள். அக்கா சனிக்கிழமை கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடியை மாற்றவே வேண்டாம் என்றார் டாக்டர். கண்ணாடி விற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் டாக்டர் கண்ணாடி வேண்டாம் என்கிறாரே, இதில் என்ன இருக்கிறது என்று யோசித்தபடி வீடு திரும்பினார்.

என்ன இருக்கிறது என்பது புதன்கிழமை தெரிந்தது. பல ஊர்களில் கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரி கடிதம் எழுதியிருந்தார். கடைசி இரண்டு லாட்டிலிருந்து தொண்ணூற்றுமூன்று குடைகள் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நோய். பட்டனை அழுத்தினால் விரிகிறது; நாலு தெரு போனதும் தானாக மடங்கிப் பிடித்தவர் தலையைக் கவ்விக்கொள்கிறது. மூன்றாவது லாட்டும் இப்படி வந்தால், ஆடிட் வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தார்.

மேலாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். முதல் தடவையே புரிந்திருந்தது.

"ரெண்டு லாட்லயும் பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானேக்கா?"

"நான்தான் சார்."

"தொண்ணூத்திமூணு குடை உங்க கண்ணுல படாம போயிருக்கு. வெளியாள் வந்துட்டா, அப்புறம் இந்த ரூமுக்கு என்ன வேலைன்னு மேல கேப்பாங்க."

ரூமுக்கு என்றுதான் சொன்னார்; அக்காவுக்கு என்று கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில் கம்பி மேசைக்குத் திரும்பி நின்றுகொண்டே வேலை செய்ய அவருடைய முழங்கால் ஒத்துக்கொள்ளாது. நாற்காலி போனால் தொழிற்சாலையும் போயிற்று. மூன்றாவது லாட் அன்று மாலைதான் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அக்கா சந்தேகத்தை வரிசையாக விரித்தார். ஸ்பிரிங் அனுப்புகிறவர், கைப்பிடி மாட்டும் பெண்கள், மேலாளர், கடைசியில் பேக்கிங் பொறுப்பாளர். பேக்கிங் பொறுப்பாளருக்குக் "கடிகாரம்" என்று பெயர். நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரில் மணி பார்ப்பான். அன்றைக்கு அவன் தலை புதிதாக வெட்டப்பட்டு, காதோரம் கோடு கிழித்த மாதிரி இருந்தது. அந்தக் கோட்டை அக்காவுக்குத் தெரியும்.

"முடி எங்க வெட்டினே?"

"நம்ம மாமா கடைலதான்க்கா. வேற எங்க போவேன்."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சு ஒரு வருஷம். மாமா நல்லா பேசிட்டே வெட்டுவார், நேரம் போறதே தெரியாது."

நேரம் போவது தெரியாமல் கடிகாரம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அங்கே என்ன பேசுகிறார்கள்? கணவர் எண் சொல்வது காலை ஆறரைக்கு. கடிகாரம் தொழிற்சாலைக்கு வருவது ஏழு மணிக்கு. தான் வருவது எட்டுக்கு. நடுவில் ஒரு மணி நேரம். ஒரு போன் வந்தால் போதும், எட்டுப் பெட்டியில் இருக்கும் கெட்ட குடையை எடுத்து மற்றதில் போட்டு, திரும்ப ஒட்டிவிடலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் காலை வழக்கம்போல நோட்டோடு உட்கார்ந்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"மூணு... ஒம்பது... பதினேழு... இருபத்திரண்டு... இருபத்தொம்பது..." ஒரு வாய் டீ. "முப்பத்தாறு... நாப்பத்தொண்ணு... நாப்பத்தேழு. போதுமா?"

"போதும்."

"என்ன, ஒரு மாதிரி பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடிங்க."

பேருந்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டினார். நான்கு, பத்து, பதினெட்டு, இருபத்துமூன்று, முப்பது, முப்பத்தேழு, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு. இனி இது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்ப்பது போலிருந்ததால் நோட்டை மூடினார்.

எண்களைக் கேட்டதும் கடிகாரம் முதன்முறையாக மணி பார்க்காமல் அக்காவைப் பார்த்தான்.

"பத்தாக்கா? பத்து அடில கெடக்கு. மேல உள்ளதெல்லாம் இறக்கணும். ஒம்பது கைக்கெட்டற தூரத்துல இருக்கு, பதினொண்ணும் இருக்கு."

"இறக்கறதுக்குத்தானே கை."

"லாரி நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு லாரி வர்றது எனக்கும் தெரியும்ப்பா. பத்தை எடு."

நான்காம் பெட்டி சுத்தம். பத்தாம் பெட்டியில் முதல் குடையை அக்கா ஐந்து தடவை விரித்து மடக்கினார். அதுதான் அவர் கணக்கு. நான்கு தடவை நின்றது. ஐந்தாவது தடவை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவர் தலைமேல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது குடையும். பத்தில் ஏழு. பதினெட்டு சுத்தம், இருபத்துமூன்று சுத்தம். முப்பதில் ஆறு. மிச்சம் மூன்றும் சுத்தம். மொத்தம் பதின்மூன்று. அக்கா சிவப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். லாரி ஓட்டுநர் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காலி வண்டியோடு அனுப்பினார்கள்.

மூன்றாவது லாட் கெட்ட பெயரோடு வெளியே போகவில்லை. ஆனால் மேலாளர் விடவில்லை.

"இன்னைக்குப் பிடிச்சீங்க, சரி. போன ரெண்டு தடவை எப்படி விட்டீங்க? நாளைக்குப் பத்து மணிக்குள்ள எழுதிக் குடுங்க, வியாபாரிக்கு அனுப்பணும். காரணம் தெரியலன்னா அவங்க வெளியாளைத்தான் அனுப்புவாங்க."

காரணம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். எண்ணை மாற்றினோம், குறை வெளியே வந்தது. அப்படியென்றால் மாற்றாத எண் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அதை எழுதினால், ஓட்டை தன் வீட்டிலேயே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எழுதாவிட்டாலும் நாற்காலி போகும். ஐந்தரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

கணவர் மருந்துக்கடைக்காரரின் தாடையில் நுரை போட்டு, பாதி முகத்தை மழித்து முடித்திருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

"கைல கத்தி இருக்கும்மா. இவர் பாதி மூஞ்சியோட இருக்கார்."

"அப்ப இங்கேயே கேக்கறேன். நான் காலைல கேக்கற நம்பரை யார்கிட்ட சொல்றீங்க?"

"உன்கிட்டத்தான்."

"என்னைத் தவிர?"

"உன்னைத் தவிர யாரு காலங்காத்தால வந்து நம்பர் கேக்கறா?"

"என்ன நம்பர், லாட்டரியா?" என்றார் மருந்துக்கடைக்காரர் நுரைக்குள்ளிருந்து.

"நீங்க வாயை மூடுங்க, சோப்பு உள்ள போயிடும்," என்றார் கணவர். பிறகு அக்காவிடம், "யாரு உன்கிட்ட என்ன சொன்னா?"

"கடிகாரம் இங்க வர்றானா, இல்லையா?"

"வர்றான். கண்ணாடில மணி மாறித் தெரியுதுன்னு திரும்பித் திரும்பிப் பாப்பான். ஒரு தடவை காதே போயிருக்கும். அவன்கிட்ட நான் என்னத்த சொல்ல? மத்தியானம் கேட்டா, காலைல என்ன நம்பர் சொன்னேன்னு எனக்கே தெரியாது."

"இன்னைக்கு நீங்க சொன்னதுல ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கூட்டிட்டேன். உடனே குடையெல்லாம் பல்லைக் காட்டிடுச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

கணவர் கத்தியைக் கீழே வைத்தார். பதில் சொன்னது மருந்துக்கடைக்காரர்தான்.

"எட்டுப் பெட்டிலயுமா பல்லைக் காட்டிச்சு?"

"ரெண்டுல."

"மிச்சம் ஆறு?"

மிச்சம் ஆறும் சுத்தம். பழைய எண் கடிகாரத்துக்குத் தெரிந்து, பழைய எட்டுப் பெட்டியை மட்டும் அவன் துடைத்து வைத்திருந்தால், புதிய எட்டிலும் கலந்து கலந்து குறை வந்திருக்க வேண்டும். ஆறு பெட்டி பளிச்சென்று இருக்க, இரண்டில் மட்டும் எப்படிக் குவியும்? பதினேழு வருடம் அடுத்தவர் வேலையில் ஓட்டை பார்த்தவருக்குத் தன் சந்தேகத்திலேயே இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது தெரியவில்லை. அதைக் காட்டிக் கொடுக்க முகத்தில் நுரையோடு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"எந்த ரெண்டு?" என்றார் கணவர்.

"பத்தும் முப்பதும்."

"அட, அதை நான் எந்தக் காலத்துல சொல்லியிருக்கேன்?"

"ஏன் சொன்னதில்ல?"

"பத்து, இருபது, முப்பதெல்லாம் ஒரு நம்பரா? வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். நீ பாட்டுக்கு எவ்வளவு அக்கறையா நோட்டுல எழுதிக்கறே. சும்மா ஏனோதானோன்னு சொல்ல முடியுமா? யோசிச்சு, கலந்து கட்டி, நல்ல நம்பரா பாத்துத்தான் சொல்றேன். ஆறு வருஷமா."

அக்கா காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். ஒன்பது இருந்தது, பதினொன்று இருந்தது, பத்து இல்லை. இருபத்தொன்று ஏழு தடவை, இருபது ஒரு தடவைகூட இல்லை. நாற்பதும் இல்லை, ஐம்பதும் இல்லை. வீட்டு அலமாரியில் இன்னும் மூன்று நோட்டுகள் இருந்தன. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவற்றையும் பார்த்தார். முந்நூறு வியாழக்கிழமை, இரண்டாயிரத்து நானூறு எண், ஒன்றுகூடப் பூஜ்யத்தில் முடியவில்லை. கவனமே இல்லாமல் சொல்வார் என்று நம்பி ஓர் ஆளைப் பிடித்தால், அந்த மனிதர் ஆறு வருடமாக இப்படிக் கவனமாக இருந்திருக்கிறார்.

"என்மேல கோவமா?" என்றார் கணவர், சோற்றுத் தட்டின் முன்னால்.

"கோவமில்ல. ஒழுங்கா சொல்லியிருக்கீங்க. அதுதான் தப்பு."

"ஒழுங்கா சொன்னா எப்படித் தப்பாகும்?"

அக்கா விளக்கப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார். மனிதரைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; அதற்குப் பதிலாகத் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கணவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

காலையில் மேலாளரின் அறைக்குக் கடிகாரத்தையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, பத்தாம் பெட்டியை நான் திறக்கமாட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கடிகாரம் சுவரைப் பார்த்தான். மேலாளரின் அறையில் கடிகாரம் இல்லை.

"அக்கா, நீங்க திறந்த பெட்டிக்கெல்லாம் மறுபடி டேப் ஒட்டறது யாரு?"

"நீதான்."

"ஆறு வருஷமா ஒட்டறேன். எல்லா நம்பருக்கும் ஒட்டியிருக்கேன். பத்து, இருபது, முப்பது, நாப்பது, அம்பதுக்கு மட்டும் ஒட்டினதே இல்ல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே தோணிச்சு. அக்காவுக்கு அது ராசியில்லாத நம்பர் போலன்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டு?"

"இந்தத் தடவை வந்த ஸ்பிரிங் இளகலா இருந்துது. பட்டன் நிக்கல. ரிப்பேர் மேசைல மலையா குவிஞ்சுது. இடுக்கியால நெம்பி நெம்பிக் குடுத்தாங்க. அதுல ஒண்ணையும் நம்ப முடியல. அதனால சந்தேகமா இருந்ததையெல்லாம் அந்த அஞ்சு பெட்டிக்குள்ள..." குரல் இறங்கியது. "கெட்டதுன்னு சொல்ல முடியாதுக்கா. நாலு தடவை நிக்கும்."

"அஞ்சாவது தடவை நிக்காது."

"நிக்காது."

"அதுவும் உனக்குத் தெரியும்."

"பதினேழு வருஷமா 'அஞ்சு தடவை, அஞ்சு தடவை'ன்னு கத்தறீங்களே, தெரியாம இருக்குமா?"

அக்காவுக்கு ஒரு கணம் இவன்தான் இந்தத் தொழிற்சாலையிலேயே நல்ல ஆடிட்டர் என்று தோன்றியது. ஐம்பது பெட்டியில் கெட்டது எது என்று முன்கூட்டியே பிரித்து, எண் போட்டு வைத்திருக்கிறான்.

"உன்னை யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. புதன்கிழமைக்குள்ள ரிப்பேர் மேசை காலியா இருக்கணும்னு மட்டும் சொன்னாங்க."

"யாரு?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேசை காலியா இருக்கணும்னுதான் சொன்னேன். பெட்டில போடுன்னு சொல்லலையே."

"வேற எங்க சார் போடறது, பைக்குள்ளயா?" என்றான் கடிகாரம். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று அவரைப் பற்றி அக்கா வெகுநாளாக வைத்திருந்த கருத்தில் மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை.

அக்கா இரவே எழுதி வைத்திருந்த காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் ரிப்பேர் மேசை விஷயத்தையும் அங்கேயே எழுதிச் சேர்த்து நீட்டினார். மேலாளர் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"'பெட்டி எண்களை வியாழக்கிழமைதோறும் என் கணவர் டீ குடிக்கும்போது சொல்வார்.' என்னக்கா இது? இதை எப்படி அனுப்பறது?"

"நடந்ததுதான் சார்."

"நடந்தா எழுதணுமா? 'எண்கள் சுயேச்சையான வெளிநபர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டன'ன்னு போடுவோம். அதுவும் உண்மைதானே."

"யாரு அந்த வெளிநபர்னு அவங்க கேப்பாங்க."

"கேக்கமாட்டாங்க."

"நான்னா கேப்பேன் சார்."

மேலாளர் பேனாவை மூடினார். "இதை அனுப்பினா உங்க வேலைதான் போகும். பேக்கிங்ல தப்பு பண்ணிட்டாங்கன்னு மட்டும் எழுதினா நீங்க தப்பிச்சுக்கலாம். அவனை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது."

கடிகாரம் அசையாமல் நின்றான். அக்கா அவனைப் பார்க்கவில்லை; காகிதத்தைத்தான் பார்த்தார். மேலாளர் தன்னைக் காப்பாற்ற வழி சொல்கிறார் என்றால் அதில் யார் காப்பாற்றப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவன் போய்விட்டால் ரிப்பேர் மேசையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

"அவன் ஒளிச்சு வெச்சான், தப்புதான். ஆனா ஒளிச்சு வைக்க இடம் குடுத்தது என் நோட்டு. ரெண்டும் போகட்டும் சார். ரிப்பேர் மேசை விஷயமும் கடைசிப் பக்கத்துல இருக்கு, அதையும் சேர்த்து அனுப்புங்க." கொஞ்சம் யோசித்து, "நகல் ஒண்ணு நான் வெச்சிருக்கேன்," என்றும் சொன்னார்.

காகிதம் போயிற்று. நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் அக்கா தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து, திரும்ப அடுக்கி, திரும்பக் காலி செய்தார். ஐந்தாம் நாள் மொத்த வியாபாரியிடமிருந்து போன் வந்தது. கொள்முதல் பிரிவில் இருக்கும் ஓர் அம்மா பேசினார்.

"உங்க ரிப்போர்ட் படிச்சேன். உங்க வீட்டுக்காரர் உண்மையிலேயே நம்பர் சொல்வாரா?"

"சொல்வார் மேடம். இனிமே சொல்லமாட்டார்."

மறுமுனையில் சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. லைன் கோளாறாகவும் இருக்கலாம் என்று அக்கா எச்சரிக்கையாக இருந்தார்.

"தன் தப்பைத் தன் கையாலேயே எழுதி யாரும் எங்களுக்கு அனுப்பினதில்ல. வெளியாளை அனுப்ப வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா நம்பர் எங்ககிட்டேர்ந்து வரும். வியாழக்கிழமை ஒம்பது மணிக்கு உங்க போனுக்கு அனுப்புவோம். அதுக்கு முன்னால யாருக்கும் தெரியாது. சரிதானே?"

"சரி மேடம்," என்றார் அக்கா. போனை வைத்த பிறகு, "அவங்ககிட்ட யாரு சொல்றாங்களோ," என்றும் சொன்னார்.

கடிகாரத்தை ரிப்பேர் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே எது நிற்கும், எது நிற்காது என்று அவனைவிடத் தெரிந்தவர் இல்லை. அவன் நிற்காது என்று ஒதுக்கியது நிஜமாகவே ஒதுக்கப்பட்டது, ஏனென்றால் மேசை எப்போது காலியாக வேண்டும் என்று மேலாளர் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை. திறந்த பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலையை அக்கா தானே எடுத்துக்கொண்டார். முழங்கால் வலித்தது.

முதல் வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சரியாகப் போனில் எண்கள் வந்தன. எட்டில் இருபதும் நாற்பதும் இருந்தன. அக்காவுக்கு முதலில் சந்தோஷம். பிறகு, நம் கதையைப் படித்ததால் வேண்டுமென்றே இரண்டைப் போட்டிருக்கிறார்களோ, அப்படியென்றால் வேறு எதையோ வேண்டுமென்றே விட்டிருப்பார்களே என்று பட்டது. எட்டையும் முடித்தார், மூன்று குறை. மணி இரண்டு. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய், யார் பட்டியலிலும் இல்லாத ஒரு பெட்டியை, பார்க்காமல் கையை வைத்து இழுத்துவந்தார். அதில் ஒரு குடையின் துணியில் ஊசிக்கண் அளவு ஓட்டை. விளக்குக்கு நேரே பிடித்தபோது ஒரு நட்சத்திரம் மாதிரி தெரிந்தது. மொத்தம் நான்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி நேரத்துக்குப் போயிற்று.

மேலாளர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, எட்டுப் பெட்டின்னுதானே பேச்சு. ஒம்பது போட்டிருக்கீங்க?"

"ஆமா சார். அடுத்த வாரத்துலேர்ந்து பத்து திறக்கலாமான்னு உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"இப்படியே போனா ஒரு நாள் அம்பதையும் திறந்துடுவீங்க."

"திறந்தா என்ன சார்?" என்றார் அக்கா, மழைக்கோட்டை உதறி ஆணியில் மாட்டியபடி. "உள்ள ஏதாவது இருக்கா?"